ஆறு அஞ்சுக்கு வரும் ரசீது

வெள்ளிக்கிழமை என்றால் சிங்கப்பூர் தேக்கா ஈரச்சந்தையில் பாலகிருஷ்ணனின் மீன்கடைக்குப் பாதி விடுமுறை. வாரம் முழுக்க "அண்ணே, வவ்வால் என்ன விலை, கொடுவா இன்னிக்கு வந்ததா, நேத்து வந்ததா" என்று உயிரை எடுக்கிற அக்காமாரெல்லாம் அன்றைக்குத் தலைக்குக் குளித்து, பூ வைத்து, வாழையிலைக் கடையோடு திரும்பிவிடுவார்கள். மீன் வரிசைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள். மலாய்க்காரர்களும் பங்களாதேஷ் பையன்களும் மட்டும் வந்து நிற்பார்கள்.

அவரும் வெள்ளிக்கிழமை மீன் விற்பாரே தவிர தின்னமாட்டார். இருபத்தெட்டு வருஷமாக மீனோடு புழங்குகிற மனுஷர், வெள்ளிக்கிழமை ஒரு செதிலைக்கூட ஈசூன் வீட்டுக்குள் கொண்டுபோனதில்லை. மனைவி சிவகாமசுந்தரியின் சட்டம் அது. ரப்பர் பூட்ஸும் ஏப்ரனும் கடையோடு நிற்கவேண்டும். வீட்டுக் கதவைத் திறந்தால் நேராகக் குளியலறை. சோப்புப் போட்டு இரண்டு தரம் தேய்த்த பிறகுதான் சாமி படம் இருக்கிற திசையில் முகத்தைத் திருப்பலாம்.

ஆனாலும் வாரத்தில் அவர் எதிர்பார்த்துக் கிடக்கிற நாள் வெள்ளிதான். அவர் ஐஸைக் கொட்டிப் பரப்பி, மீனை அடுக்கிக்கொண்டிருக்கிற நேரம், காலை மணி ஆறு அடித்து ஐந்தாவது நிமிடம், ஏப்ரன் பையில் இருக்கிற கைத்தொலைபேசி டிங்கென்று ஒருமுறை ஒலிக்கும். கையுறையைக் கழற்றிக் கையைத் துடைத்துக்கொண்டு பார்ப்பார். ஒரு மெயில் வந்திருக்கும். வாங்கியதற்கு நன்றி என்று இங்கிலீஷில் இருக்கும். கீழே ஏதோ ஒரு வீடியோ கேமின் பெயர். அதற்கும் கீழே, மொத்தத் தொகை: பூஜ்யம்.

அதைப் படித்து முடிப்பதற்குள் வீட்டிலிருந்து போன் வரும்.

"வந்துச்சா?"

"வந்துருச்சு."

அவ்வளவுதான், போனை வைத்துவிடுவாள். பாலகிருஷ்ணன் மறுபடி கையுறையை மாட்டிக்கொள்வார். மூன்று வருஷமாக அந்தப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் உயிரோடு இருந்தது இந்த இரண்டு வார்த்தையால்தான் என்று சொன்னால் மிகையாகச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ரசீது அவர்களுடைய மகன் ஜெய்யுடையது. பன்னிரண்டு வயதில் ஒரு நாள் அவன் கடைக்கே வந்து நின்று, "அப்பா, உங்க ஈமெயில் குடுங்க. பெரியவங்க மெயில் போட்டாத்தான் அக்கவுண்ட் தருவானாம்" என்று வாங்கிக்கொண்டு போனான். ஆன்லைனில் கேம் விற்கிற ஏதோ கடை. அவர்கள் வாரத்துக்கு ஒரு கேமை இலவசமாகப் போடுவார்களாம். வியாழக்கிழமை ராத்திரி புதுசு வரும். அடுத்த வியாழனுக்குள் உள்ளே போய் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டால் அது நமக்கே சொந்தம், சாகும்வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். அமுக்க மறந்தால் போச்சு, பிறகு காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும். பையன் ஒரு வாரம்கூட விடவில்லை. பரீட்சைக்கு விடாதவன், காய்ச்சலுக்கு விடாதவன், கட்டாய ராணுவச் சேவையில் முகாமுக்குள் இருந்தபோதும் எப்படியோ எடுத்துவிட்டான்.

"இத்தனை சேர்த்து வச்சிருக்கியே, என்னிக்காவது ஒண்ணையாவது விளையாடி நான் பார்க்கலையே" என்று பாலகிருஷ்ணன் கேட்பார்.

"பிறகு விளையாடிக்கலாம்ப்பா. இப்ப விட்டா போயிரும்" என்பான்.

ராணுவச் சேவை முடிந்து வந்தவன் பாலிடெக்னிக் படிப்பைப் பாதியில் விட்டான். வேலைக்குப் போனான், விட்டான். பகல் பன்னிரண்டு வரைக்கும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தான். மூன்று வருஷத்துக்கு முன் ஆகஸ்ட் மாதம், ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போகாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவனைக் கடையிலிருந்து திரும்பிய பாலகிருஷ்ணன் பார்த்தார். "ஓசியில கிடைக்கிறதைப் பொறுக்குறதுக்கு ஒரு பொழப்பா? கோயில் வாசல்ல துண்டை விரிச்சு உட்கார்றவனுக்கும் உனக்கும் என்னடா வித்தியாசம்?" என்று கேட்டார். கேட்டதோடு நின்றிருக்கலாம். குளிக்காத கையால் கன்னத்தில் ஒன்று வைத்தார். அவன் சட்டைக் கையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

மறுநாள் காலை அவர் சந்தையில் இருந்தபோது ஒற்றைப் பையோடு கிளம்பிப் போனான். போலீசில் சொன்னதற்கு, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாக எல்லையைத் தாண்டி மலேசியாவுக்குப் போய்விட்டான், வயது வந்த ஆள், சுயமாகத்தான் போயிருக்கிறான் என்றார்கள். அம்மாவுக்கு ஒரே ஒரு மெசேஜ் வந்தது. 'நல்லா இருக்கேன். தேட வேணாம்.' அதற்குப் பிறகு அந்த எண்ணும் செத்துப்போனது.

அந்த வார வெள்ளிக்கிழமை ரசீது வந்தது. அதற்கு முன்னாலும் வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அவர் லாட்டரி மெயில்களோடு சேர்த்து அழித்துவிடுவார். இந்தத் தடவை கடையில் நின்றபடியே அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பையன் எங்கேயோ உட்கார்ந்து இதை எடுத்திருக்கிறான். அப்படியென்றால் கை கால் சுகமாக இருக்கிறான், தலைக்கு மேலே கூரை இருக்கிறது, இன்டர்நெட் போடக் காசு இருக்கிறது. மீன் வாடை அடிக்கிற சந்தையின் நடுவில் நின்று அழுதார். கேட்டவர்களிடம் வெங்காயக் கடையைக் கைகாட்டினார்.

அதிலிருந்து ஒன்றையும் அழிக்கவில்லை. அந்த ரசீதுகளை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பையனுக்கு ஒரு வாழ்க்கையையே கட்டிக்கொடுத்தார்கள். வாராவாரம் சரியாக ஆறு ஐந்துக்கு வருவதால் காலை ஷிப்டு வேலை என்று பாலகிருஷ்ணன் முடிவு செய்தார். "பன்னெண்டு மணிக்கு எந்திரிச்ச பய, இப்ப ஆறு மணிக்கு எந்திரிக்கிறான் பாரு. அடி கொஞ்சம் வேலை செஞ்சிருக்கு" என்று மனைவியிடம் ஒருநாள் சொல்லிவிட்டு, பிறகு அதைச் சொன்னதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டார். சமையல் கேம் ஒன்று வந்திருப்பதாக அவராகச் சொன்ன வாரம், "சமைச்சுச் சாப்பிடறான் போல" என்றாள் சுந்தரி. பினாங்கில்தான் இருப்பான் என்பது அவள் கணக்கு. ஏன் பினாங்கு என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது.

இந்த வெள்ளிக்கிழமை மணி ஆறு ஐந்து ஆனது. போன் ஒலிக்கவில்லை.

ஆறு பத்துக்கு எடுத்துப் பார்த்தார். சத்தத்தைக் கூட்டி வைத்தார். ஆறரைக்கு சுந்தரி மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டாள்.

"வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"மணி ஆறரை ஆயிருச்சே."

"லைன் ஸ்லோவா இருக்கும்."

"லைன் ஸ்லோன்னா என் போன் மட்டும் எப்படி வந்துச்சாம்?"

"வரும் சுந்தரி. ஒரு நாள் அசந்து தூங்கியிருப்பான்."

"மூணு வருஷமா தூங்காதவன் இன்னிக்கா தூங்குவான்? தீபாவளி அன்னிக்குக்கூட கரெக்டா வந்துச்சுங்க." குரல் இறங்கியது. "காய்ச்சல் கீய்ச்சலா இருக்குமோ? பக்கத்துல யாரும் இருக்காங்களோ என்னமோ."

"ஆள் வந்துருச்சு, வைக்கிறேன்" என்று பொய் சொல்லி வைத்தார். கடை முன்னால் ஈ காக்கை இல்லை.

ஏழு மணிக்கு வரவில்லை. ஒன்பதுக்கு வரவில்லை. ஒரு மலாய்ப் பெண்மணிக்கு இரண்டு கிலோ தெங்கிரி மீனை வெட்டிக்கொடுத்துவிட்டுக் காசு வாங்காமலே அனுப்பப்போனார், அந்த அம்மாதான் கூப்பிட்டுக் கொடுத்தாள். சுந்தரி அரைமணிக்கு ஒரு தடவை கூப்பிட்டாள். கடைசியில் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள். அது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. பன்னிரண்டரைக்குக் கடையைப் பக்கத்து இறால்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு பஃபலோ ரோட்டைத் தாண்டி நடந்தார்.

முகம்மது யூசுப்பின் கைத்தொலைபேசிக் கடையில் அவர் மகள் அஃப்னா மட்டும் இருந்தாள். பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். அஃப்னா ஜெய்யோடு உயர்நிலைப்பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவள். உடைந்த போன் எதுவாக இருந்தாலும் திறந்து, மூடி, உயிர் கொடுத்துவிடுவாள் என்று வட்டாரத்தில் பெயர்.

"வாங்க அங்கிள். என்ன ஃபிரைடே அதுவுமா? போனா? அந்த டிஷ்யூல துடைச்சிட்டுக் குடுங்க. போன தடவை உள்ள மீன் செதில் இருந்துச்சு."

அவர் போனை நீட்டினார். என்ன சொல்வது என்று தெரியாமல் எல்லாவற்றையும் சொன்னார். ரசீது, ஆறு ஐந்து, இன்றைக்கு வராதது. 'ஜெய்' என்று பெயர் போட்டு அவர் தனியாகச் சேர்த்து வைத்திருந்த மெயில்களை அஃப்னா விரலால் தள்ளிக்கொண்டே போனாள். அது கீழே போய்க்கொண்டே இருந்தது.

"இதெல்லாம் நீங்க அழிக்கவே இல்லையா அங்கிள்?"

"எப்படிம்மா அழிக்கிறது?"

அவள் கடைசியாக வந்ததைத் திறந்து பார்த்தாள். "அக்கவுண்ட் உங்க மெயில்லதான் இருக்கு. வளர்ந்ததும் எல்லாரும் சொந்த மெயிலுக்கு மாத்திருவாங்க. இவன் மாத்தவே இல்ல. வேணும்னா பாஸ்வேர்டை மாத்திட்டு நாம உள்ள போய்ப் பார்க்கலாம். பட் அது அவனோடது அங்கிள். செய்யலாமா?"

"அவன் இருக்கானா இல்லையான்னு எனக்குத் தெரியணும்மா. வந்து கோவிச்சுக்கட்டும். அவன் வந்து கோவிச்சுக்கிட்டா நான் கால்ல விழுறேன்."

அவள் உள்ளே போனாள். எதையோ தேடினாள். எங்கிருந்து, எப்போது அந்தக் கணக்குக்குள் வந்திருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது.

"கடைசியா வந்தது போன ஃபிரைடே காலையில."

"எங்கேருந்து?"

"சிங்கப்பூர்."

பாலகிருஷ்ணன் கண்ணாடி மேஜையைப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு தடவை பாரும்மா. மலேசியா இருக்கும்."

"இல்ல அங்கிள், சிங்கப்பூர்னுதான் இருக்கு. அதுக்கு முந்தின வாரமும். அதுக்கு முந்தியும்..."

அவள் முடிப்பதற்குள் அவர் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார். "சுந்தரி! அவன் இங்கதான் இருக்கான்! சிங்கப்பூர்லயே இருக்கான்! பினாங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆமா, மெஷின்ல காட்டுது. அஃப்னாதான் பார்த்துச் சொல்லுது. அழாத. அழாதன்னு சொல்றேன்ல." அவரும் அழுதுகொண்டுதான் சொன்னார்.

அவர் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அஃப்னா இன்னும் மெயில்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"அங்கிள், எல்லாமே ஆறு அஞ்சுக்கா?"

"ஆமாம்மா. ஒரு நிமிஷம் முன்னப் பின்ன இருக்காது. அப்படித் திருந்திட்டான்."

அவள் தலையை ஆட்டினாள். "நான் உங்க வீட்டுக்கு ஒருதரம் வரலாமா? உங்க வீட்டு வைஃபைல ஒரு நம்பர் பார்க்கணும். அத்தா வந்ததும் கிளம்பிடலாம்."

அட்ரஸ் கண்டுபிடிக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் பாலகிருஷ்ணன். கடைக்கு ஓடினார். ஐஸ் மேலே கிடந்ததில் பெரிதாக இரண்டு வெள்ளை வவ்வாலைப் பொறுக்கினார். ஜெய்க்கு வவ்வால் என்றால் உயிர், அதுவும் தலைப்பகுதி. தானே செதில் எடுத்து, குடல் கழுவி, குறுக்கே கீறிப் பையில் போட்டார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை.

ரயிலில் பக்கத்தில் நின்றவர்கள் மீன் வாடைக்கு ஒதுங்கினார்கள். மற்ற நாளாக இருந்தால் கூனிக்குறுகிக் கதவோரம் போய்விடுவார். இன்றைக்கு நிமிர்ந்து நின்றார். டோபி காட் ஸ்டேஷனில் ரயில் மாறி உட்கார இடம் கிடைத்ததும் பேச ஆரம்பித்தார்.

"துவாஸ் ஃபேக்டரிப் பக்கம் வேலை பார்ப்பான்னு தோணுதும்மா. அங்க கம்பெனி பஸ் ஆறு மணிக்கெல்லாம் வந்துரும். அதான் அந்த நேரத்துக்கு எடுக்கிறான். என்ன சொல்ற?"

"தெரியல அங்கிள்."

"வீட்டுக்கு வர வெட்கமா இருக்கும். ரோஷக்காரன். நான் அவனை ஒண்ணுமே கேட்கமாட்டேன். எங்க போனே, ஏன் போனே, ஒண்ணும் இல்ல. சாப்பிட்டியான்னு கேட்பேன். அவ்வளவுதான்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். "அன்னிக்கு நான் கையைக் கழுவிட்டாவது அடிச்சிருக்கணும். அந்த வாடையைத்தான் அவன் துடைச்சான். அடிச்சதைக்கூட மறந்துருவான்மா, அதை மறப்பானா?"

"அங்கிள், ரொம்ப எதிர்பார்க்காதீங்க. ப்ளீஸ்."

"எதிர்பார்க்காம எப்படிம்மா இருக்கிறது?" என்றார் அவர். நிஜமாகவே அவருக்கு அது தெரியவில்லை.

ஈசூன் வீட்டில் சுந்தரி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அவர் பையை நீட்டியதும் உள்ளே என்ன என்று வாடையிலேயே தெரிந்துகொண்டாள். காலையில் ஏற்றிய விளக்கு சாமி படத்துக்கு முன்னால் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஒரு நிமிஷம் அதைப் பார்த்தாள், பிறகு கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டாள்.

"முருகன் ஒண்ணும் சொல்லமாட்டாரு. சொன்னா நான் பேசிக்கிறேன். எப்ப வர்றான்?"

"இந்தப் பொண்ணு பார்த்துச் சொல்லும்."

"உட்காரும்மா அஃப்னா. நீயும் இருந்து சாப்பிட்டுத்தான் போகணும். உன்னைப் பார்த்தா அவனுக்குக் கொஞ்சம் கூச்சம் விடும்" என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குப் போனாள். மேஜை மேல் நான்கு தட்டுகள் கவிழ்த்து வைத்திருந்தன. அந்த வீட்டின் சரித்திரத்தில் முதல்முறையாக வெள்ளிக்கிழமை மீன் குழம்புக்குப் புளி கரைந்தது. தாளிக்கிற சத்தத்தோடு அவள் எதையோ முணுமுணுத்துப் பாடுவதும் கேட்டது. மூன்று வருஷமாக அந்த வீட்டில் பாட்டுச் சத்தம் இல்லை.

அஃப்னா வைஃபையில் சேர்ந்தாள். தன் போனையும் அவர் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்களைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"என்னம்மா? எந்த ஏரியா?"

அவள் எழுந்து சமையலறை வாசலுக்குப் போனாள். "ஆன்ட்டி, ஜெய்யோட கம்ப்யூட்டர் இங்க இருக்கா?"

கரண்டி நின்றது. சுந்தரி முதலில் கணவனைப் பார்த்தாள். "இருக்கும்மா. ஆனா புதன்கிழமையிலேருந்து அது எரியல."

"எந்தக் கம்ப்யூட்டர்? அது ஓடிக்கிட்டா இருந்துச்சு?" என்றார் பாலகிருஷ்ணன்.

"சத்தம் போடாதீங்க. அவன் போறப்ப என்கிட்ட சொன்னான். அம்மா, வேற என்ன வேணா பண்ணுங்க, இதை மட்டும் ஆஃப் பண்ணாதீங்கன்னு. கடைசியாச் சொன்னது அது ஒண்ணுதான். நான் எப்படி ஆஃப் பண்ணுவேன்? கரண்ட் பில்லுக்கு நீங்க கத்துவீங்கன்னு பழைய சேலையைப் போட்டு மூடி வச்சிருந்தேன். தினம் தொட்டுப் பார்ப்பேன், சூடா இருக்கும்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "மெயின் பாக்ஸை மாத்தணும்னு புதன்கிழமை ஆளைக் கூட்டிட்டு வந்தீங்கல்ல, அன்னிக்குக் கரண்ட் போயி வந்ததுக்கு அப்புறம் அது வரவே இல்ல. நானும் தட்டித் தட்டிப் பார்த்தேன். பிள்ளை சொன்ன ஒரு வார்த்தையைக் காப்பாத்த முடியலையேன்னு ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல. வந்தா கேட்பானேன்னு பயமா இருக்கு."

பாலகிருஷ்ணனுக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. ஜெய்யின் அறைக்குள் அவர் அந்த ஆகஸ்டுக்குப் பிறகு கால் வைத்ததே இல்லை. இப்போது அஃப்னாவின் பின்னால் போனார். கட்டில் விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. மேஜைக்கு அடியில் நீலப் பூப்போட்ட சேலைக்குள் அந்தப் பெட்டி இருந்தது. அஃப்னா சேலையை விலக்கி, பின்பக்கம் தொட்டு, முகர்ந்து பார்த்தாள். மேஜையில் ஒட்டியிருந்த மஞ்சள் தாளை எடுத்துப் படித்தாள். ஜெய்யின் கையெழுத்தில், 'வெள்ளி காலை ஆறு மணி, ஆட்டோ' என்று இருந்தது. கதவை முக்கால்வாசி சாத்தினாள்.

"அங்கிள், உட்காருங்க."

"சொல்லு."

"வெள்ளிக்கிழமை காலையில ஆறு மணிக்குத் தானா எழுந்திரிக்கிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதி வச்சிருக்கான். அதுவே அந்தக் கடைக்குள்ள போகும், ஃப்ரீயா இருக்கிறதை எடுக்கும், வெளிய வந்துரும். ஒரு வாரமும் விட்டுப்போகக்கூடாதுன்னு நிறைய பேர் இப்படிச் செஞ்சு வச்சிருப்பாங்க." அவள் அந்தத் தாளை மேஜையில் வைத்தாள். "அந்த லிஸ்ட்ல இருந்த நம்பர் உங்க வீட்டு இன்டர்நெட் நம்பர்தான் அங்கிள். சிங்கப்பூர்னு காட்டினது இந்த ரூம்தான்."

"அப்ப எடுத்தது?"

"இந்தப் பெட்டி."

"ஜெய்?"

"ஜெய் இல்ல அங்கிள்."

அவர் அந்தப் பெட்டியைப் பார்த்தார். ஆறு மணிக்கு எழுந்தது அதுதான். தீபாவளிக்கு விடாமல், காய்ச்சல் வராமல், அசந்து தூங்காமல் மூன்று வருஷம் அவருக்கு மெயில் அனுப்பியது அதுதான். ஒரு சுவருக்கு அப்பால்தான் அவர் தினமும் படுத்துக்கொண்டு, பையன் எங்கே இருக்கிறானோ என்று யோசித்திருக்கிறார். மனைவி ஒரு தடவை வாயைத் திறந்திருந்தால் தெரிந்திருக்கும், அவர் கத்தாத மனுஷராக இருந்திருந்தால் அவள் வாயைத் திறந்திருப்பாள்.

"அவன் உள்ள வந்ததே இல்லையா? ஒரு தடவைகூடவா? கேமெல்லாம் விளையாடிப் பார்த்திருப்பான்ல?"

அவள் தயங்கிவிட்டு அவர் போனைத் திருப்பிக் காட்டினாள். நூற்றுக்கணக்கான படங்கள். ஒன்றே ஒன்றைத் தவிர வேறு எதையும் இறக்கியதில்லை, திறந்ததில்லை. அந்த ஒன்றுக்குக் கீழே கடைசியாக விளையாடிய தேதி இருந்தது. அவர் அதைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். அவன் வீட்டை விட்டுப் போனதற்கு முந்தின நாள். அவர் அடித்த நாள்.

"ஒண்ணு சொல்லவா அங்கிள்? ஆஃப் பண்ணாதீங்கன்னு சொல்லிட்டுப் போனான்னா, சீக்கிரம் வந்துடலாம்னுதான் அன்னிக்கு நினைச்சிருப்பான். வராத ஆளு அப்படிச் சொல்லமாட்டான்."

ஆறுதலாகத்தான் சொன்னாள், பாவம். ஆனால் அதைக் கேட்டபோதுதான் அவர் நெஞ்சு நிஜமாகவே உடைந்தது. ஒரு வாரமோ இரண்டு வாரமோ இருந்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பியவன். வராதபடிக்கு அவனுக்கு என்ன ஆனது? தெரியாது. இனிமேல் தெரிந்துகொள்ள அவரிடம் ஒன்றும் இல்லை. பிள்ளை போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது, அவருக்கோ அவன் அந்த நிமிஷம்தான் போனான். கட்டிலில் உட்கார்ந்து, மீன் வாடை அடிக்கிற கையை முகத்தில் வைத்து, சத்தம் வெளியே போய்விடாமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது கதவிடுக்கில், தரையில், ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. அஃப்னாவுக்கென்று கொண்டுவந்த சுந்தரி உள்ளே வராமல் அங்கேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். சமையலறையில் பாட்டு நின்றுபோயிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று அவருக்குப் புரிந்தது.

இரண்டு பேரும் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதை ரிப்பேர் பண்ண முடியுமா?" என்று கேட்டார்.

"கருகின வாடை வருது. கடைக்குக் கொண்டுபோய்ப் பார்க்கணும். கஷ்டம்தான்."

"இந்த வாரத்துது என்னாச்சு?"

"எது?"

"இந்த வாரம் போட்டிருக்கிற கேம்."

அவள் போனைப் பார்த்தாள். "யாரும் எடுக்கல. அடுத்த வியாழன் வரைக்கும் டைம் இருக்கு."

"எடுக்கலேன்னா?"

"போயிரும் அங்கிள்."

பாலகிருஷ்ணன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். "எப்படி எடுக்கிறதுன்னு சொல்லிக்குடு."

"நான் எடுத்துத் தர்றேன்."

"இல்லம்மா. நான்தான் எடுக்கணும். இனிமே வாராவாரம் எடுக்கணும்ல. என்னிக்காவது திறந்து பார்த்தான்னா, நடுவுல ஒண்ணும் விட்டுப்போயிருக்கக்கூடாது."

அவள் போனை அவர் கையில் கொடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். இங்கே தொடுங்கள், இப்போது கீழே போங்கள், அந்த நீலப் பொத்தான். மீன் முள் குத்திக் குத்திக் காய்த்துப்போன விரலை முதல் தடவை போன் ஏற்கவே இல்லை. இரண்டாவது தடவையும் ஏற்கவில்லை. ஈரமாக இருந்தது. நீலப் பூப்போட்ட அந்தச் சேலையில் விரலை அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி அமுக்கினார். ஓசியில் கிடைக்கிறதைப் பொறுக்குகிற பிழைப்பு என்று சொன்ன அதே மனுஷர்தான். திரையில் ஒரு வட்டம் சுற்றியது.

டிங்.

அடுப்பு அணைகிற சத்தம் கேட்டது.  அஃப்னா உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"வந்துச்சா?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் சுந்தரி.

எல்லா வெள்ளிக்கிழமையும் கேட்கிற அதே குரலில் கேட்கத்தான் பார்த்தாள். கடைசியில் கொஞ்சம் பிசகியது.

அவர் எழுந்து கதவைத் திறந்து, டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். சுந்தரி மேஜைக்குப் பக்கத்தில் நின்று தட்டுகளை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். முகம் கழுவியிருந்தாள், கண் சிவந்திருந்தது. நான்காவது தட்டையும் நிமிர்த்தி வைத்து, அதில் சோறு போட்டு, வவ்வால் தலையை எடுத்து நடுவில் வைத்தாள்.

"வந்துருச்சு" என்றார் அவர்.

"என்ன கேமாம்?"

மூன்று வருஷத்தில் அவள் இப்போதுதான் அதைக் கேட்கிறாள். அவர் போனைத் தூரத்தில் பிடித்துப் படித்துப் பார்த்தார்.

"ஏதோ பஸ் ஓட்டுற கேமாம்."

சுந்தரி குழம்பை ஊற்றினாள். "அவனுக்குப் பிடிக்குமா?"

பாலகிருஷ்ணன் யோசித்தார். பன்னிரண்டு வயதுப் பையன் மெயில் கேட்டுக் கடைக்கு வந்து நின்றது ஞாபகம் வந்தது. சேர்த்து வைத்திருந்த ரசீதுகளெல்லாம் ஞாபகம் வந்தன. அதில் ஒரு பெயரைக்கூட அவர் ஒருநாளும் அவனிடம் கேட்டதில்லை.

"தெரியலையே, சுந்தரி" என்றார்.